குடிலில் மௌனமாக நிற்கும் யோசேப்பு: தமிழில் அவருக்குக் காப்பியம் எழுதிய வீரமாமுனிவர் யார்?

டிசம்பர் பிறந்தால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், கூமாப்பட்டி வட்டாரத்தில் கத்தோலிக்கர் வீடுகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கும். அதே மாதத்தின் நடுவில் மார்கழியும் பிறக்கும். ஒரு பக்கம் ஆண்டாள் ஊரில் விடியற்காலைத் திருப்பாவை, இன்னொரு பக்கம் திருவருகைக் காலத்தின் கடைசி வார வழிபாடுகள். இரண்டுமே பனியிலே எழுந்து காத்திருக்கும் பக்திதான்.

அந்தக் காத்திருப்பின் முடிவில் கோயிலில் குடில் ஜோடிக்கப்படும். வைக்கோல், மாடு, ஆடு, இடையர், மரியாள் எல்லாம் இருக்கும். ஓரத்தில் கையில் கோலோடு ஒருவர் நிற்பார். அவர்தான் யோசேப்பு, சூசையப்பர். நான்கு நற்செய்தி நூல்களையும் புரட்டினாலும் அவர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. அந்த மௌன மனிதரை நாயகனாக்கி 3,615 பாடல்களில் தமிழ்க் காப்பியம் எழுதியவர், இத்தாலியில் பிறந்த ஒரு பாதிரியார்.

இத்தாலியிலிருந்து காமநாயக்கன்பட்டிக்கு

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ம் தேதி, வட இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். இயேசு சபையின் இளம் புனிதரான அலோசியஸ் கொன்சாகாவின் சொந்த ஊரும் அதுதான். 1698-ல் பெஸ்கியும் அதே சபையில் சேர்ந்தார். குருப்பட்டம் பெற்று 1710-ல் கோவாவில் வந்திறங்கி, அடுத்த ஆண்டு மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தார்.

அவர் பணியாற்றிய தொடக்க கால ஊர்களில் ஒன்று கோவில்பட்டி அருகே உள்ள காமநாயக்கன்பட்டி. பரலோக மாதா கோயிலால் தென் மாவட்டங்கள் முழுக்கத் தெரிந்த ஊர். கரிசல் காட்டு வெயிலில் தைரியநாதர் என்ற பெயரோடு தமிழ் படிக்கத் தொடங்கினார். பின்னாளில் அந்தப் பெயர் வீரமாமுனிவர் என்று தூய தமிழானது.

அது வசதியான பணி இல்லை. 1714-15 வாக்கில் அவருக்கு மரண தண்டனையே விதிக்கப்பட்டது. மயிரிழையில் உயிர் தப்பினார். ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் இங்கேயே தங்கி, இலக்கணமும் இலக்கியமும் கற்றுத் தேர்ந்தார்.

தேம்பாவணியில் என்ன இருக்கிறது?

1726-ல் முடிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் தேம்பாவணி, 3 காண்டம், 36 படலம் கொண்டது. வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களின் அணி என்றும் தலைப்புக்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்வார்கள். கதையின் எலும்புக்கூடு பைபிளில் இருந்து வந்தது. ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிர்தா மரியாள் எழுதிய நூலும் அதற்கு ஆதாரம். சதையும் ரத்தமும் மட்டும் முழுக்கத் தமிழ்.

யூதேயா நாட்டை வர்ணிக்கும்போது மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. சிந்தாமணியும் கம்பராமாயணமும் படித்தவருக்கு அந்த நாட்டுப் படலம் அந்நியமாகவே தெரியாது. யோசேப்பு இங்கே வளன். எபிரேயத்தில் அந்தப் பெயருக்குப் பெருகுதல், வளர்தல் என்று பொருள் இருப்பதால் இந்த மொழிபெயர்ப்பு. திருமுழுக்கு யோவானின் பெயருக்கு இறைவன் அருள் கூர்ந்தார் என்பது பொருள். எனவே அவர் கருணையன் ஆனார். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில், தாய் எலிசபெத்தை இழந்து அழும் கருணையனைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும்.

குடிலில் இன்று பொம்மைகளாக நிற்கும் காட்சிகள் எல்லாம் இந்தக் காப்பியத்தில் உயிரோடு நடக்கின்றன. மரியாள் கருவுற்றது தெரிந்து வளன் மனம் உடைவது, பெத்லகேம் பயணம், மாட்டுத் தொழுவத்தில் பிறப்பு, இடையர்களும் மூன்று அரசர்களும் வருவது, ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடுவது. நற்செய்தியில் சில வரிகளில் முடிந்துபோகும் ஓட்டம் இங்கே நீண்ட பயணம். பிள்ளையைக் கையில் ஏந்தி அயல்நாட்டில் பிழைக்கும் ஒரு தச்சரின் கதையை எழுதியவர், தானும் ஊர் திரும்பாத ஒரு அயல்நாட்டுக்காரர்.

ஒரு குரு, நூறு ஊர்: அப்போது பங்கு எப்படி இயங்கியது?

அன்றைக்குப் பங்கு என்றால் இன்றுபோல ஒரு கோயில், ஒரு குரு என்ற கணக்கு இல்லை. ஒரே குரு பல ஊர்களுக்குப் போக வேண்டும். அவர் வராத மாதங்களில் செபம் நடத்தி, மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து, சாகக் கிடப்பவரைப் பார்த்துக்கொண்டவர்கள் வேதியர்கள், அதாவது இன்றைய உபதேசியார்கள். அவர்களுக்கென்றே வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலை எழுதினார். இன்றும் கிளைப்பங்குகளில் கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலி ஓர் ஊரில் மாலையிலும் இன்னோர் ஊரில் நள்ளிரவிலும் நடப்பதற்குக் காரணம் இதுதான். குரு ஒருவர், ஊர் பல.

காப்பியத் தமிழ் எல்லோருக்கும் எட்டாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பாடி மகிழ கித்தேரி அம்மாள் அம்மானை, அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்குத் திருக்காவலூர்க் கலம்பகம், சிரித்துப் படிக்கப் பரமார்த்த குரு கதை, அகராதியாகச் சதுரகராதி, இலக்கணமாகத் தொன்னூல் விளக்கம் என்று ஆளுக்கேற்ற நூல் தந்தார். விருத்தாசலம் அருகே கோணான்குப்பத்தில் மரியாளுக்குப் பெரியநாயகி என்றே பெயர். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும்தானா?

இல்லை. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காலம் முதல், உள்ளூர் உடையையும் பழக்கத்தையும் ஏற்பது சரியா என்ற சண்டை திருச்சபைக்குள்ளேயே இருந்தது. 1704-ல் புதுச்சேரியில் வெளியான ஆணை பல பழக்கங்களைத் தடுத்தது. 1744-ல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு வழங்கினார். வீரமாமுனிவரின் தமிழ்நாட்டு வாழ்க்கை ஏறத்தாழ முழுவதும் இந்த வழக்கின் நிழலில்தான் கழிந்தது. உள்ளூர் வழக்கத்தை ஏற்றபோது சாதிப் பிரிவினையையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள் என்ற விமர்சனமும் நியாயமானது. அதன் வடு இன்றுவரை சில பங்குகளில் ஆறவில்லை.

தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளோடும் அவர் எழுத்தால் கடுமையாக மோதினார். இரு தரப்புக்கும் ஆயுதம் ஒன்றே: தமிழ் உரைநடை. சண்டையில் லாபம் மொழிக்கு.

அவர் மிச்சம் வைத்துப்போனது

1747-ம் ஆண்டு பிப்ரவரி 4-ம் தேதி, கேரளத்தின் அம்பலக்காட்டில் அவர் இறந்தார். 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி சென்னை மெரினாவில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

அதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் தினமும் கண்ணில் படுகிறது. பழைய சுவடிகளில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவார்கள், படிப்பவர் குழம்புவார். கொம்பின் வடிவத்தை மாற்றி, குறிலுக்கு ஒரு கொம்பு, நெடிலுக்கு மேலே சுழித்த இரட்டைக் கொம்பு என்று பிரித்துக் காட்டியவர் வீரமாமுனிவர்.

இந்த டிசம்பரில் குடிலுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் அட்டையில் பெயர் எழுதி வைப்பார்கள். இயேசு என்று எழுதினால் அந்தக் கொம்பு ஒரு முறை வரும். யோசேப்பு என்று எழுதினால் இரண்டு முறை வரும்.