சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 – ஏப்ரல் 26, 1920) தமிழகத்தில் பிறந்து உலகப்புகழ் பெற்ற கணித மேதை ஆவார். எண் கோட்பாடு, முடிவிலாத் தொடர்கள், தொடரும் பின்னங்கள் ஆகியவற்றில் இவர் கண்ட முடிவுகள் ஏராளம். அவரது கணிதத்தைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். பட்டம் பெறாமல் கல்லூரியை விட்டு வெளியேறிய மாணவர் ஒருவர் ஆய்வுலகிற்குள் எவ்வாறு நுழைந்தார் என்பதும் அறியத்தக்கதே.

இழந்த உதவித்தொகை

ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடையில் கணக்கராக மாதம் ஏறத்தாழ 20 ரூபாய் ஊதியம் பெற்றார். 1904 இல் பள்ளிப் படிப்பை முடித்த இராமானுசனுக்குக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்தது. கணிதத்திலேயே மூழ்கியிருந்ததால் ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை நிறுத்தப்பட்டது. ஒரு பருவத்திற்குக் கட்டணம் 32 ரூபாய், அதாவது தந்தையின் ஒரு மாத ஊதியத்தை விட அதிகம். 1905 இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் கணிதம் எளிதாக வந்தது, உடலியல் வரவில்லை. 1906, 1907 ஆம் ஆண்டுகளில் எஃப். ஏ. தேர்வில் தோல்வியுற்றார். ஒரு பாடத்தில் மட்டும் தனித்திறன் உடையவருக்கு அக்காலக் கல்விமுறையில் இடமில்லை.

திருக்கோவிலூர்ச் சந்திப்பு

1910 இல் வேலை தேடித் தென்னாற்காடு மாவட்டத்தில், செஞ்சிக்குத் தென்மேற்கே உள்ள திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. இராமசுவாமி ஐயர், 1907 இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர். இராமானுசன் தம் குறிப்பேடுகளைக் காட்டி எழுத்தர் வேலை கேட்டார். அவற்றைப் பார்த்த ஐயர், வருவாய்த்துறையின் கடைநிலைப் பணியில் இத்திறமை மங்கிவிடும் எனக் கருதி வேலை தரவில்லை; மாறாகச் சென்னை நண்பர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்தனுப்பினார். பின்னர் நெல்லூர் மாவட்ட ஆட்சியர் இரா. இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் 25 ரூபாய் தம் கையிலிருந்து வழங்கினார். பிறருக்கு நெடுநாள் சுமையாக இருக்க விரும்பாத இராமானுசன், 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார்.

விதி தளர்ந்தது

1913 சனவரியில் கேம்பிரிட்ச் கணிதவியலாளர் ஆர்டிக்கு எழுதிய கடிதம் அனைவரும் அறிந்ததே. அதே ஆண்டு பெப்ரவரியில் வானிலைத்துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்திற்கு வந்தபோது இக்குறிப்பேடுகளைக் கண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்துரைத்தார். ஆய்வு உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றோருக்கே உரியது, இராமானுசனோ எஃப். ஏ. கூடத் தேறாதவர். எனினும் ஆய்வை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கமே என்ற வாதம் வென்றது. 1913 மே முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கப்பட்டது. மூன்று மாதத்திற்கு ஒரு முறை ஆய்வறிக்கை அளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. குடும்பத்தைப் பேணும் கவலையின்றி முழுநேரமும் கணிதம் செய்ய அவருக்கு வாய்த்த முதல் காலம் இதுவே எனலாம்.

1914 இல் கேம்பிரிட்ச் செல்லப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு அளித்தது. அதில் 50 பவுண்டு குடும்பத்திற்கு ஒதுக்கப்பட்டது. திரினிட்டி கல்லூரி மேலும் 60 பவுண்டு தந்தது. 1916 இல் ஆய்வின் வழியாக இளங்கலைப் பட்டம் பெற்றார். 1918 இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும் திரினிட்டி கல்லூரியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இறுதிக் காலம்

நோயுற்றிருந்த அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 250 பவுண்டு வழங்க முன்வந்தது. 1919 சனவரியில் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தில், இத்தொகை தம் தேவைக்கு மிகுதி எனத் தெரிவித்தார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுண்டும் தம் இன்றியமையாச் செலவும் போக எஞ்சுவதை ஏழை மாணவர், ஆதரவற்றோர் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் பயன்படுத்துமாறு வேண்டினார். கட்டணம் செலுத்த இயலாத நாட்களை அவர் மறக்கவில்லை போலும். அவ்வாண்டு மார்ச்சில் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32 ஆம் அகவையில் காலமானார். மனைவி சானகிக்குப் பல்கலைக்கழகம் மாதம் 20 ரூபாய் ஓய்வூதியம் வழங்கியது.