வானிலிருந்து மண்ணைப் படித்த குரு

காலடியில் கிடப்பதைக் காண வானத்திற்கு ஏறிச் சென்ற ஒரு குருவை இன்று நினைவுகூர்வோம். அவர் இயேசு சபைத் துறவி அருட்தந்தை அந்துவான் புவாதெபார்.

1878ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்த இவர், துருக்கியப் பேரரசில் வாழ்ந்த அர்மேனிய மக்களிடையே மறைப்பணியாற்றினார். முதல் உலகப் போருக்குப் பின் பெய்ரூட் நகருக்கு வந்து, இனப்படுகொலையிலிருந்து தப்பி வந்த அர்மேனிய அகதிகளுக்குத் துணைநின்றார்.

1925இல் வடகிழக்குச் சிரியாவின் நீர் ஆதாரங்களை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்காகப் பிரெஞ்சு இராணுவ விமானங்களில் பறந்தபோதுதான் அந்த அதிசயத்தைக் கண்டார். நண்பகலில் வெறும் மணலாகத் தெரிந்த நிலம், கதிரவன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் வேறாகத் தெரிந்தது. ஓரடி உயர மேடும் நீண்ட நிழலை வீழ்த்த, மண்ணுக்குள் புதைந்த கோட்டைகளும் சாலைகளும் கால்வாய்களும் கோடு கோடாக எழுந்து வந்தன. நடந்து செல்பவர் மிதித்துக் கடந்துவிடும் தடத்தை, மேலிருந்து பார்த்தவர் கண்டுகொண்டார்.

தொடர்ந்து பல ஆண்டுகள் பறந்து படமெடுத்தார். படத்தில் கண்ட இடங்களுக்குத் தரைவழியாகவும் சென்று சரிபார்த்தார். 1934இல் வெளிவந்த அவரது நூல், பண்டைய உரோமை எல்லைப்புறத்தில் 116 கோட்டைகளைப் பதிவு செய்தது. விவிலியத்தில் நாம் வாசிக்கும் தீர், சீதோன் நகர்களின் மூழ்கிய துறைமுகங்களையும் வானிலிருந்தும், நீரில் மூழ்குவோரின் உதவியோடும் ஆராய்ந்தார். 1955இல் பெய்ரூட்டில் இறைவனடி சேர்ந்தார்.

இன்று கல்குவாரி தோண்டுமுன், சாலை போடுமுன், பல நாடுகளில் வான்படங்களைக் கொண்டு தொல்லியல் இடங்களைக் குறித்து வைக்கிறார்கள். ஒருமுறை வெட்டியெடுத்த மண்ணை மீண்டும் படிக்க முடியாதல்லவா? அந்த வழியைத் தொடக்கத்தில் திறந்துவிட்டவர்களுள் இவரும் ஒருவர். அவர் கண்ட தடங்கள் பல, பின்னர் உழவினாலும் கட்டடங்களாலும் அழிந்துபோயின. சிலவற்றிற்கு அவரது படங்களே சாட்சி.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. அக்கோட்டைகள் பகைவரைத் தடுக்க வடக்கு தெற்காக எழுந்த காவல் வரிசை என்று தந்தை எண்ணினார். 1960, 70களின் உளவுச் செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்த அறிஞர்கள், மேலும் 396 கோட்டைகளைக் கண்டதாக 2023இல் அறிவித்தனர். அவை கிழக்கு மேற்காகவும் பரவிக் கிடந்தன. ஆகவே, அவை தடுப்பதற்காக அன்றி, வணிகரும் வழிப்போக்கரும் பாதுகாப்பாகச் சென்றுவரத் துணைசெய்ய எழுந்தவையாக இருக்கலாம் என்கிறார்கள்.

தந்தை கண்டது உண்மை. ஆனால் முழு உண்மை அன்று. அவர் உண்மையாகப் பதிவு செய்ததால்தான் பின்வந்தோர் திருத்த முடிந்தது. இதில் அவருக்குச் சிறுமை ஏதுமில்லை.

நம் குடும்பங்களிலும் பங்கிலும் எத்தனை பேரைச் சுவர் என்று ஒதுக்கியிருக்கிறோம்! ஒருவேளை அவர்கள் நமக்காகத் திறந்திருந்த சத்திரமாக இருந்திருக்கலாம். நம் பார்வை குறைவானது என்று ஏற்று, சற்று உயர்ந்து, பொறுமையோடு மீண்டும் பார்க்கும் வரத்தை இறைவனிடம் வேண்டுவோம்.