பூனைக்குட்டியின் தந்தை: அபூஹுரைரா (ரலி)



ஒரு காரியமாக வெளியே கிளம்புகிறோம். கருப்புப் பூனை ஒன்று குறுக்கே ஓடுகிறது. உடனே வண்டியை நிறுத்தி, வேறு யாராவது முதலில் கடந்து போகட்டும் என்று காத்து நிற்பவர்களில் ஐவேளை தொழுபவர்களும் இருக்கிறார்கள். கொல்லையில் பூனை ஈன்றால் வெள்ளைக் குட்டிக்குப் பால் வைக்கிறோம். கருப்புக் குட்டியைச் சாக்கில் போட்டு எங்காவது விட்டுவிட்டு வருகிறோம். இன்று ஒரு ஸஹாபியின் வாழ்க்கையைப் பார்ப்போம். அவருடைய பெயரிலேயே பூனை இருக்கிறது.

அவர் யமன் நாட்டின் தவ்ஸ் குலத்தைச் சேர்ந்தவர். சிறு வயதில் வீட்டு ஆடுகளை மேய்த்தவர். அவரிடம் ஒரு பூனைக்குட்டி இருந்தது. இரவில் அதை ஒரு மரத்தில் வைத்துவிடுவார். பகலில் கூடவே எடுத்துப் போய் அதனோடு விளையாடுவார். அதைப் பார்த்துத்தான் மக்கள் அவரை அபூஹுரைரா என்று அழைத்தார்கள். அரபியில் ஹிர்ரா என்றால் பூனை. அதைச் சிறுமைப்படுத்திச் சொன்னால் ஹுரைரா, அதாவது பூனைக்குட்டி. பூனைக்குட்டியின் தந்தை என்பது இந்தப் பெயரின் பொருள்.

அறியாமைக் காலத்தில் அவருக்கு அப்து ஷம்ஸ், அதாவது சூரியனின் அடிமை என்று பெயர். இஸ்லாத்தில் அது அப்துர் ரஹ்மான் ஆனது என்பதே பிரபலமான அறிவிப்பு. தவறான பொருள் கொண்ட பெயர்களை நபி (ஸல்) அவர்கள் மாற்றுவார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் இந்தப் பூனைப் பெயரை அவர்கள் மாற்றவில்லை. தாமே அபூஹிர் என்று அன்போடு அழைத்தார்கள். சூரியனுக்கு அடிமை என்ற பெயர் போனது, பூனைக்குட்டி மட்டும் தங்கிவிட்டது!

துஃபைல் பின் அம்ர் (ரலி) அவர்களின் அழைப்பால் தவ்ஸ் குலத்தில் இஸ்லாம் பரவியது. ஹிஜ்ரி 7-ல், கைபர் போரின் சமயம், அபூஹுரைரா (ரலி) மதீனா வந்து சேர்ந்தார்கள். வீடில்லை, வியாபாரமில்லை. பள்ளிவாசலின் திண்ணையில் தங்கிய ஏழைத் தோழர்களில் ஒருவரானார்கள். பசி தாங்காமல் வயிற்றில் கல்லைக் கட்டியிருக்கிறார்கள். சில நாள் மிம்பருக்கும் ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கும் நடுவே மயங்கி விழுந்துவிடுவார்கள். அந்த வழியே வருபவர், இவருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று எண்ணிக் கழுத்தில் காலை வைப்பார். இருந்தது பைத்தியம் அல்ல, வெறும் பசி. இதை அவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள்.

சகோதரர்களே, ஒரு உயிர் பசியால் கிடக்கிறது, பார்ப்பவருக்கோ வேறு ஏதோவாகத் தெரிகிறது. நம் வாசலுக்கு வரும் கருப்புப் பூனையும் பெரும்பாலும் பசிக்குத்தான் வருகிறது. நாம் அதை ஜின் என்கிறோம், பீடை என்கிறோம்.

நபியவர்களுடன் அவர்கள் இருந்தது ஏறக்குறைய நான்கு ஆண்டுகள்தான். ஆனால் அவர்கள் வழியாக வந்த ஹதீஸ்களின் எண்ணிக்கை 5,374 என்று அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தியை அறிவித்தவர்களில் அவர்களும் ஒருவர். பசியை உடம்பால் அறிந்தவர் அதை அறிவிக்கிறார்!

சகுனம் இல்லை என்ற நபிமொழியை நமக்குத் தந்தவர்களிலும் அவர்கள் உண்டு. அன்றைய அரபிகள் பறவையை விரட்டிப் பார்ப்பார்கள். வலப்பக்கம் பறந்தால் பயணம், இடப்பக்கம் பறந்தால் வீடு திரும்புதல். ஆந்தையைக் கண்டு அஞ்சினார்கள், ஸஃபர் மாதத்தைப் பீடை என்றார்கள். அந்த ஹதீஸ் இவை அத்தனையையும் மறுக்கிறது. (ஸஃபரில் நிக்காஹ் வைக்கத் தயங்குபவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.) சகுனம் பார்ப்பது இணைவைப்பு என்றே இப்னு மஸ்ஊத் (ரலி) வழியாக வரும் ஹதீஸ் எச்சரிக்கிறது. நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் கையில் என்று நாவால் சொல்லிவிட்டு, ஒரு பூனையின் நிறத்துக்குப் பயந்து திரும்பினால் அந்த ஈமானின் நிலை என்ன?

அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்யும்போது பூனை ஒன்று தண்ணீருக்கு வந்தது. அது குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமல்ல, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபியவர்கள் சொன்னதைக் காரணமாகக் கூறினார்கள். அதில் கருப்புப் பூனைக்கு விலக்கு ஏதும் இல்லை.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் அபூஹுரைரா (ரலி) பஹ்ரைனின் ஆளுநராக இருந்தார்கள். பிறகு மதீனாவில் மர்வானுக்குப் பதிலாகப் பொறுப்பு வகித்த நாட்களிலும் விறகுக் கட்டை முதுகில் சுமந்து கடைவீதியில் நடந்தார்கள். பதவி வந்த பின்னும் மக்கள் அழைத்தது அதே பூனைப் பெயரால்தான்.

அவர்கள் வஃபாத்தானது ஹிஜ்ரி 59-ல் என்பது ஒரு கூற்று. 57 என்றும் 58 என்றும் சொல்வார்கள். மரண நேரத்தில் அழுதார்கள். காரணம் கேட்டபோது, உலகத்தைப் பிரிவதற்காக அழவில்லை, பயணம் நீண்டது, கையில் கட்டுச்சோறு குறைவு என்று வருந்தினார்கள். மதீனாவின் பகீஃ மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.