பசடேனாவில் ஓர் இரவு

வறுமை ஒழிப்பைப் பாடமாக நடத்தும்போதெல்லாம், 1966-இல் அமெரிக்காவில் வெளியான சுதந்திர வரவு-செலவுத் திட்டத்தைக் குறிப்பிடுவது என் வழக்கம். அனைவருக்கும் வேலை, பத்தே ஆண்டுகளில் வறுமைக்கு முடிவு என்று கணக்கிட்டுக் காட்டிய ஆவணம் அது. அதற்காக உழைத்த பேயார்ட் ரஸ்டினின் பெயரையும் சொல்வேன். அவர் வாழ்வின் ஓர் இரவை மட்டும் பல ஆண்டுகள் சொல்லாமல் கடந்து சென்றேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், ஒரு மாணவர் வகுப்பு முடிந்தபின் தயங்கி நின்றார். நண்பருடன் இரவில் அமர்ந்திருந்தபோது ரோந்துக் காவலர்கள் கைப்பேசியைப் பறித்துப் படித்துவிட்டு, வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடுவதாக மிரட்டினார்களாம். ரஸ்டினைப் பற்றி நான் சொல்லாமல் விட்டதை அவர் ஏற்கெனவே படித்திருந்தார். எனக்கு நாணமாக இருந்தது.

ரஸ்டின் 1912-இல் பென்சில்வேனியாவின் வெஸ்ட் செஸ்டரில் பிறந்தவர். குவேக்கர் நெறியில் தோய்ந்த பாட்டியிடம் வளர்ந்தவர். கைது என்பது அவருக்குப் புதிதன்று. 1942-இல் பேருந்தின் பின்வரிசைக்குச் செல்ல மறுத்து நாஷ்வில் அருகே காவலர்களிடம் அடிபட்டார். போர்ப் பணியை மறுத்துச் சிறை சென்றார். காந்தியடிகள் மறைந்த 1948-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்து, அவருடைய தொண்டர்களுடன் பழகித் திரும்பியவர், முந்தைய பேருந்துப் போராட்டத்துக்கான தண்டனையாக வட கரோலினாவில் 22 நாள்கள் கைதிகளுடன் சாலை வேலை செய்தார். இவை யாவும் தோழர்களிடையே அவருக்குப் பெருமையே சேர்த்தன.

1953 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் பசடேனா நகருக்குச் சொற்பொழிவாற்றச் சென்றிருந்தார். இரவில், நிறுத்தியிருந்த காரில் இரு இளைஞர்களுடன் இருந்தபோது காவலர்கள் பிடித்தனர். தன்பாலின உறவு குற்றமாக இருந்த காலம். 60 நாள் சிறை. பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றிய அமைதி இயக்கத்திலிருந்து விலக நேர்ந்தது. விலகச் சொன்னவர் அவர் தந்தையைப்போல் மதித்த ஏ.ஜே. மஸ்டி. அறவழியினருக்கும் இந்த ஒரு கைது மட்டும் கறையாகத் தெரிந்தது.

வேறோர் அமைதி அமைப்பு அவரை ஏற்றுக்கொண்டது. 1956-இல் மாண்ட்கோமரி சென்று, இளம் மார்ட்டின் லூதர் கிங்குக்கு அகிம்சைப் போராட்டத்தின் நடைமுறையைக் கற்றுத் தந்தார். ஆனால் 1960-இல் இன்னொரு கறுப்பினத் தலைவர் பொய்யான வதந்தி ஒன்றைக் கிளப்புவதாக மிரட்டியதும் ரஸ்டின் விலகினார், கிங் தடுக்கவில்லை. ஒரு கைதுக்கு ஓர் இயக்கம் கொடுத்த விலையைப் பொருளியல் அட்டவணை எதிலும் காண முடியாது.

1963-இல் வாஷிங்டன் பேரணிக்கு அவரைத் தலைமை அமைப்பாளராக்கச் சிலர் தயங்கினர். தொழிற்சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப் தாமே அப்பொறுப்பை ஏற்று, ரஸ்டினைத் துணையாக அமர்த்திக்கொண்டார். ராண்டால்ஃபின் இந்தச் சாதுரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். பேரணிக்கு இரு வாரங்களுக்கு முன், இனப் பிரிவினையை ஆதரித்த ஸ்ட்ராம் தர்மண்ட் பசடேனா கைதை செனட் அவையில் எடுத்துரைத்தார். இம்முறை தலைவர்கள் ரஸ்டினைக் கைவிடவில்லை. ஆகஸ்ட் 28 அன்று சுமார் இரண்டரை லட்சம் பேர் அமைதியாகக் கூடிக் கலைந்தனர்.

ரஸ்டின் 1987-இல் காலமானார். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னிய ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அதே சட்டங்களால் தண்டிக்கப்பட்ட மற்றவர்களும் மன்னிப்புக் கோர அப்போது வழி திறக்கப்பட்டது. இச்செய்தியை அந்த மாணவருக்கு அனுப்பினேன். மன்னிக்க வேண்டியவர் யார் என்று கேட்டுப் பதில் எழுதியிருந்தார்.