சத்தினைத் தேடிய மாணவர்: யெல்லாபிரகட சுப்பாராவ்

உயிலங்குளம் போன்ற மன்னார்க் கிராமங்களில் தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றிக் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் பெற்றுச்செல்லும் குளிசைகளுள் ஃபோலிக் அமிலமும் ஒன்று. தாயின் குருதிச்சோகையையும் சிசுவின் முள்ளந்தண்டுக் குறைபாட்டையும் தடுக்க உதவும் இச்சத்தினைச் செயற்கையாகத் தயாரித்த ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் மருத்துவம் பயின்ற யெல்லாபிரகட சுப்பாராவ் ஆவார். அவரது வாழ்வு நாம் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

1895 ஜனவரி 12ஆம் திகதி ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் தோல்வியுற்றுப் பின்னர் தேறி, சென்னை மாநிலக் கல்லூரியிலும் மருத்துவக் கல்லூரியிலும் கற்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குச் சென்றமை ஆங்கிலேயப் பேராசிரியருக்கு உவப்பாகவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது.

அதனினும் பெரிய துயரொன்று அவரைத் தொடர்ந்தது. உண்ட உணவின் சத்துக்களைக் குடல் உறிஞ்ச முடியாது போகும் 'ஸ்புரு' என்னும் நோய்க்கு அவரது சகோதரர் இருவர் சில நாள் இடைவெளியில் பலியாகினர். அக்காலத்தில் அதற்கு மருந்தில்லை.

பின்னர் கர்ப்பிணியான மனைவியை ஊரில் விட்டுப் பொஸ்டன் நகரை அடைந்தார். உதவித்தொகையின்மையால் வைத்தியசாலையொன்றில் இரவுநேர ஊழியராகப் பணிபுரிந்து, நோயாளரின் மலசலப் பாத்திரங்களைக் கழுவியவாறே ஹார்வட் பல்கலைக்கழகத்தில் கற்றார். குருதியிலும் சிறுநீரிலும் பொஸ்பரசை அளவிடும் முறையொன்றை 1925இல் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து வெளியிட்டார். தசைகளின் சக்திக்கு ஆதாரமான ஏ.ரி.பி. என்னும் பொருளை 1929இல் இனங்கண்டார். 1930இல் உயிர்இரசாயனவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆயினும் தான் காணாத மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். மனைவியிடம் அவர் ஒருபோதும் திரும்பவில்லை. அக்கல்விக்கு அக்குடும்பம் செலுத்திய விலை சிறிதன்று.

1940இல் லெடர்லி நிறுவனத்தில் இணைந்த சுப்பாராவின் குழு, 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. சகோதரரைப் பலிகொண்ட ஸ்புரு நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. அச்சத்தின் செயலைத் தடுக்கும் மருந்துகளையும் அக்குழுவினரே ஆக்கினர். சிறுவர்களின் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சை அவற்றினால் புதுவழி கண்டது. யானைக்கால் நோய்க்கான டை எத்தில் கார்பமசின் மருந்தும் அவரது ஆய்வுகூடத்திலிருந்தே வந்தது. அம்மருந்தைப் பயன்படுத்திய இலங்கை, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் அந்நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2016இல் அறிவித்தது.

புகழை நாடாத அவர் 1948 ஓகஸ்ட் மாதத்தில், தமது 53ஆவது வயதில் காலமானார்.

இன்று போசணையியலைக் கற்கக் கடல் கடக்க வேண்டியதில்லை. வயம்பப் பல்கலைக்கழகம் அதனைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கின்றது. எனினும், மருத்துவபீடத்துக்கு வெட்டுப்புள்ளி போதாதவர்களின் புகலிடமாகவே இத்துறையை நோக்கும் மனப்பான்மை நம்மிடையே உண்டு. நீரிழிவு நோயாளியும் சிறுநீரக நோயாளியும் எதனை எவ்வளவு உண்ணலாம் என்பதைத் தாய்மொழியில் எடுத்துரைக்க வல்லோர் நம் வைத்தியசாலைகளுக்குத் தேவை. இத்துறையில் மேற்படிப்பை நாடும் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, பெற்றோர் தடுக்காதிருத்தல் வேண்டும். சான்றிதழின் தரம் குறைந்ததால் ஒருவரின் தகுதி குறைந்துவிடுவதில்லை என்பதற்கு சுப்பாராவின் வாழ்வே சான்றாகும்.