வரலாற்றை வகுப்பறைக்குக் கொணர்ந்த பேராசான்

பொன்விழாவும் வைரவிழாவும் கொண்டாடும் வேளையிற் பழைய ஏடுகளைத் தேடி எடுத்தல் நம்மவர் வழக்கம். விழா முடிந்ததும் அவை மீண்டும் அலுமாரியிற் சென்று துயில்வதும் வழக்கமேயாம். அங்ஙனம் துயிலும் ஏடுகளை மாணாக்கர் கையிற் சேர்த்தல் வேண்டுமென்று வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒரு பெரியாரின் சரிதத்தை, இவ்விழா மலர் வாயிலாக நம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களிடையே தோன்றிய கலாநிதி கார்ட்டர் கொட்வின் வூட்சன் ஆவர்.

வூட்சன் 1875 ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் 19 ஆம் நாள், வேர்ஜீனியா மாநிலத்து நியூ கன்ரன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தாய் தந்தையர் இருவரும் முன்னர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோர். தந்தையார் எழுத்தறியாதவர், ஆயினும் எவர் முன்னிலையிலும் தாழ்ந்து நில்லாதவர். வறுமை மிக்க அக்குடும்பத்துப் பிள்ளைகள் வயலில் வேலையற்ற சில மாதங்களே பாடசாலை செல்ல இயன்றது. தாயாரின் உடன்பிறந்தார் இருவரே அங்கு ஆசிரியராயிருந்தனர். பாடசாலையாற் பெறாத கல்வியை இளைஞர் வூட்சன் தாமே முயன்று தேடிக்கொண்டார்.

பின்னர் அவர் மேற்கு வேர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழில் புரிந்தார். ஆங்கே ஒலிவர் ஜோன்ஸ் என்னும் சுரங்கத் தொழிலாளி தம் இல்லத்தைத் தோழர்கள் கூடும் தேநீர்ச்சாலையாக்கி, கறுப்பின அறிஞர்தம் நூல்களையும் புதினத்தாள்களையும் அங்கு சேர்த்து வைத்திருந்தார். சேர்த்தவருக்கோ படிக்கத் தெரியாது. மாலைதோறும் வூட்சன் அவற்றை உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டனர். உள்நாட்டுப் போரிற் பங்குகொண்ட முதியோர் சிலர் தாம் கண்டவற்றையும் பட்டவற்றையும் எடுத்துக் கூறினர். நூலில் இல்லாத வரலாறு மனிதர் நெஞ்சில் உண்டு என்பதை வூட்சன் அறிந்தது அச் சுரங்கத் தொழிலாளர் நடுவிலேயாம்.

இருபதாம் வயதிலேதான் அவர் உயர்தர பாடசாலையிற் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் அப்படிப்பை முடித்தார். அதன்பின் ஆசிரியராகவும், 1900 ஆம் ஆண்டிலே தாம் கற்ற பாடசாலைக்கே அதிபராகவும் விளங்கினார். தாம் பயின்ற கலைக்கூடத்தின் தலைமையை ஏற்கும் பேறு பழைய மாணவர் எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

1903 ஆம் ஆண்டில், அமெரிக்க ஆட்சியின் கீழிருந்த பிலிப்பைன் தீவுகளுக்கு ஆசிரியராகச் சென்றார். அங்கு அவர் கண்ட காட்சி நம்மவர் நெஞ்சைத் தொடத்தக்கது. பயிற்சி பெற்ற ஆசிரியர் பலர் அமெரிக்கப் பாடநூல்களை அப்படியே கையாண்டு, அப்பிள் மரத்தைக் கண்ணாலும் காணாத குழந்தைகளுக்கு அப்பிளைப் பற்றிப் பாடம் நடத்தித் தோல்வியுற்றனர். காப்புறுதித் தொழிலிலிருந்து வந்த, ஆசிரியப் பயிற்சியே இல்லாத ஒருவர் மட்டும் அந்நூல்களை விலக்கிவைத்து, அவ்வூர்ப் பிள்ளைகள் நாளும் ஏறி உலுப்பும் லொம்போய் மரத்தைக்கொண்டு பாடம் தொடங்கினார். லொம்போய் என்பது வேறொன்றன்று. நம் நாவல் மரமே. வோஷிங்டன், லிங்கன் சரிதங்களைச் சற்று நிறுத்தி, அந்நாட்டு வீரராகிய ஹோசே றிசாலின் வாழ்க்கையை அவர் கற்பித்தார். பிள்ளைகளும் விரைந்து கற்றனர். பனையும் நாவலும் சூழ்ந்த முற்றத்திலிருந்து பனிமழையையும் அப்பிளையும் மனனம் செய்த நம் முன்னோர்க்கு இதன் பொருள் விளக்க வேண்டுவதில்லை. கற்பித்தல் பிள்ளை நிற்கும் மண்ணிலிருந்து தொடங்குதல் வேண்டும் என்னும் இவ்வுண்மையை வூட்சன் என்றும் மறந்திலர்.

1907 ஆம் ஆண்டில் அப்பணியை விடுத்துத் தாயகம் மீண்டு, 1908 இற் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும், 1912 இல் ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையிற் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அங்கே அப்பட்டம் பெற்ற கறுப்பினத்தவருள் இவர் இரண்டாமவர். ஆங்கு அவருடைய பேராசிரியருள் ஒருவர் கறுப்பின மக்களுக்கென ஒரு வரலாறு இல்லை என்னும் கருத்துடையவராயிருந்தார். அக்கருத்தை வாதத்தால் வெல்ல வூட்சன் முயலவில்லை. சான்றுகளைத் திரட்டி வெல்லத் துணிந்தார்.

1915 ஆம் ஆண்டு அடிமை ஒழிப்பின் பொன்விழா சிக்காகோ நகரிற் கொண்டாடப்பட்டது. விழாவுக்குத் திரண்ட மக்கள் தம் முன்னோர் வரலாற்றில் காட்டிய ஆர்வத்தை வூட்சன் கண்டார். விழாவோடு அவ்வார்வம் தணிந்துவிடுமே என்னும் கவலையால், புரட்டாதி 9 ஆம் நாள் அந்நகரிலேயே நண்பர் சிலருடன் கூடி ஒரு வரலாற்றுச் சங்கத்தை நிறுவினார். அக்காலத்து வழக்குச் சொல்லின்படி அது நீக்ரோ வாழ்க்கை வரலாற்று ஆராய்ச்சிச் சங்கம் எனப் பெயர் பெற்றது. 1916 தை மாதத்தில் அதன் ஆராய்ச்சி இதழ் வெளிவந்தது. 1921 இல் ஒரு பதிப்பகமும் எழுந்தது.

சங்கம் செய்த பணி யாது? விடுதலைச் சீட்டுக்கள், அடிமை விற்பனைப் பத்திரங்கள், தேவாலயப் பதிவுகள், குடும்பக் கடிதங்கள் என்பன பழைய பெட்டிகளில் செல்லரித்துக் கிடந்தன. அவற்றை அழியவிடாது அனுப்புமாறு வூட்சன் மக்களை வேண்டினார். வந்தவற்றைப் பேணி, பெருந்தொகையானவற்றைக் கொங்கிரஸ் நூலகத்திற் சேர்ப்பித்தார். 1830 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பினை ஆராய்ந்து, அடிமைக் காலத்திலேயே சுயாதீனராய் வாழ்ந்த கறுப்பினக் குடும்பத் தலைவர்தம் பெயர்களை இடவாரியாகத் தொகுத்து 1925 இல் நூலாக்கினார். தன் ஊரில் நூறாண்டின் முன் வாழ்ந்தோர் பெயரை ஒரு மாணவன் அச்சிற் காணும் வாய்ப்பு அதனால் உண்டாயிற்று.

எனினும் அறிஞர் மட்டும் படிக்கும் இதழால் ஓர் இனம் தன்னை அறிந்துகொள்ளாது என்பதை அவர் நன்குணர்ந்தார். 1926 ஆம் ஆண்டு மாசி மாதத்து இரண்டாம் வாரத்தை வரலாற்று வாரமாகக் கொண்டாடும் வழக்கத்தைத் தொடக்கினார். லிங்கன், பிரெடெரிக் டக்ளஸ் ஆகிய இருவரின் பிறந்தநாள்களை மக்கள் முன்னரே போற்றி வந்தமையால் அவ்வாரம் தெரிவு செய்யப்பட்டது. முதலாண்டில் ஆதரவளித்தோர் சிலரே: வட கரோலினா, டெலவெயர், மேற்கு வேர்ஜீனியா மாநிலக் கல்விப் பகுதியினரும், போல்ற்றிமோர், வோஷிங்டன் நகரப் பாடசாலை நிருவாகிகளும் ஆவர். ஆனால் ஆசிரியர் ஏற்றுக்கொண்டனர். படங்கள், நாடகங்கள், பாடக்குறிப்புக்கள் ஆகியன சங்கத்திலிருந்து பாடசாலைகளுக்குச் சென்றன. 1937 ஐப்பசியில், ஆசிரியர்க்கும் பிள்ளைகளுக்குமென எளிய நடையிற் படங்களுடனும் வினாக்களுடனும் தனியொரு மாத இதழ் தொடங்கப்பட்டது.

இப்பணி எளிதாய் நடந்ததென எண்ணற்க. தென்மாநிலங்களில் இத்தகைய பாடம் கற்பித்தல் ஆசிரியரின் தொழிலுக்கே ஊறு விளைக்கத்தக்கது. 1933 அளவில் லூசியானா மாநிலத்தில் ஓர் ஆசிரியை, கல்விப் பகுதியினர் விதித்த பாடத்திட்டத்தை மேசைமேல் விரித்துவைத்து, வூட்சனின் நூலை மடியில் மறைத்துவைத்து, அதிலிருந்து பாடம் சொன்னார். எவரேனும் உள்ளே வந்தால் அவர் கண் மேசைக்குத் திரும்பும். வந்தவர் சென்றபின் மீண்டும் மடிக்கு வரும். அவரிடம் கற்றோர் அதனை முதுமையிலும் மறந்திலர்.

அவ்வாண்டிலேயே, தம் மக்களுக்கு வழங்கப்பட்ட கல்வி அவர்களைத் தம்மைத் தாமே இகழச் செய்வதாகக் காட்டும் நூலை வூட்சன் வெளியிட்டார். செல்வர் நிறுவிய அறநிலையங்களின் உதவி அக்காலத்தில் வற்றிப்போயிற்று. ஆசிரியர்களும் தேவாலயத்தாரும் ஏழைத் தொழிலாளரும் அளித்த சிறுதொகைகளே சங்கத்தைக் காத்தன.

வூட்சன் மணம் செய்தவரல்லர். வோஷிங்டன் நகரத்து ஒன்பதாம் வீதியில் 1922 முதல் அவர் வாழ்ந்த மனையே சங்கத்தின் காரியாலயமும் பதிப்பகமுமாயிற்று. உடன் பணியாற்றுவோர்க்கு அவர் கடுமையானவர். பிறர் சொற்கேட்டு இணங்குதல் அவர் இயல்பன்று. வரலாற்று வாரத்திற் படியாமலே மேடையேறி முழங்குவோரை அவர் வெறுத்தார். ஆண்டு முழுவதும் வகுப்பறையிற் கற்றதன் நிறைவு விழாவாகவே அவ்வாரம் அமைதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1950 ஆம் ஆண்டு சித்திரை 3 ஆம் நாள் அம்மனையிலேயே அவர் உயிர் நீத்தார். அவர் தொடக்கிய வாரம் 1976 முதல் முழு மாத விழாவாக விரிந்தது. சங்கமும் பெயர் மாறி நிலைபெற்றுள்ளது.

அன்பர்களே, இச்சரிதம் நமக்கு அயலதன்று. ஏடுகள் எரிந்தால் எத்துணை இழப்பு என்பதனை 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது நாம் கண்ணாரக் கண்டோம். எஞ்சியிருப்பன எவை? கல்லூரியின் சேர்வு இடாப்பும் சம்பவத்திரட்டும், கோயிற் கணக்கேடுகள், காணி உறுதிகள், ஒல்லாந்தர் காலத் தோம்புகள், பாட்டன் பாட்டியர் சொல்லும் ஊர்க்கதைகள் என்பனவே. பழைய மாணவர் தம் வீட்டிலுள்ள பழம்படங்களையும் கடிதங்களையும் கல்லூரி நூலகத்துக்கு அளித்தல் வேண்டும். ஆசிரியர் அவற்றைப் பூட்டி வையாது, படியெடுத்து வரலாற்றுப் பாடத்திற் பயன்படுத்தல் வேண்டும். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோர் ஒருவரிடமேனும் கேட்டு எழுதுதல் வேண்டும். அங்ஙனம் செய்வோமாயின், அடுத்த விழாவுக்கு ஏடுகளைத் தேடி அலைய நேராது. அவை மாணாக்கர் கையிலேயே இருக்கும்.