சினிமாவைச் சுமந்து சென்ற சாமிக்கண்ணு வின்சென்ட்

சினிமா என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. அவர்கள் அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் தமிழகத்துச் சிற்றூர் மக்களுக்குச் சினிமாவை முதலில் கொண்டு சென்றவர் காட்டிய படம் இயேசுநாதரின் வாழ்க்கைதான் என்பதை நம் மாணவியர் அறிந்திருக்க வேண்டும்.

அவர் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட். 1883-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்த கிறிஸ்தவர். நம் பாடாலூருக்கு அருகிலுள்ள திருச்சியில், தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் வரையும் வேலை பார்த்து வந்தார். மாதச் சம்பளம் 25 ரூபாய்.

பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் 1895-இல் காட்டிய அதிசயம், மறு ஆண்டே பம்பாய்க்கும் பின்னர் சென்னைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஏர் பிடித்த கைகளுக்கு அது எட்டவில்லை. 1905-ஆம் ஆண்டளவில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படங்களோடு திருச்சிக்கு வந்தார். வந்த இடத்தில் நோயுற்று, தாய்நாடு திரும்ப எண்ணித் தம் கருவியை விற்க முன்வந்தார். விலை ஏறத்தாழ 2,000 ரூபாய். வின்சென்ட்டுக்கு அது ஆறரை ஆண்டுச் சம்பளம்! இன்று நம் வீட்டில் ஒருவர் ரயில்வே வேலையை விட்டுவிட்டுக் கூடாரம் தூக்கப் போகிறேன் என்றால் நாம் என்ன சொல்வோம்? வின்சென்ட் வாங்கினார், வேலையையும் விட்டார்.

கையால் சுழற்றும் கருவி, பேசாத படம், ஊர்களிலோ மின்சாரம் இல்லை. கூடாரம் அடித்து, திரை கட்டி, விளக்கையும் தாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நம் பங்குகளில் பாஸ்கா நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சிலுவைப்பாதை புதிதன்று. அதில் சிலுவை சுமப்பவர் பெரும்பாலும் தெரிந்த மனிதராகவே இருப்பார். கூடாரத்திலோ, யாரென்றே தெரியாத ஒருவர் வெறும் வெளிச்சமாக வந்து, சிலுவை சுமந்து, மறைந்து போனார். அன்றைய மக்கள் எப்படித் திகைத்திருப்பார்கள் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம்.

கூடாரம் தமிழகத்தோடு நிற்கவில்லை. வடக்கே லாகூர், பெஷாவர் வரை சென்றது. 1909-இல் சென்னை எஸ்பிளனேடில் படம் காட்டினார். பிரான்சின் பாத்தே நிறுவனக் கருவிகளைத் தென்னிந்தியாவில் விற்கும் உரிமையையும் பெற்றார்.

பின்னர் சொந்த ஊர் திரும்பி, 1914-இல் வெரைட்டி ஹால் என்ற நிலையான திரையரங்கைக் கட்டினார். பைக்காரா மின்சாரம் கோவைக்கு வராத காலம் அது. தாமே இயந்திரம் வைத்து மின்சாரம் உண்டாக்கி, அதனால் அச்சகமும் நடத்தினார். படம் காட்டியதைவிட இதுவே பெரிய துணிச்சல் என்பது எங்கள் எண்ணம்.

பேசும் படம் வந்தபின் தயாரிப்பிலும் இறங்கினார். கல்கத்தாவில் எடுக்கப்பட்டு 1933-இல் வெளிவந்த ‘வள்ளி திருமணம்’ நல்ல வெற்றி பெற்றது, டி. பி. ராஜலட்சுமி அதில் நடித்தார். கோவை சென்ட்ரல் ஸ்டூடியோ உருவானதிலும் வின்சென்ட்டின் பங்கு உண்டு.

1942 ஏப்ரல் 22 அன்று அவர் காலமானார். கோவையில் அவர் திரையரங்கு இருந்த தெருவுக்கு இன்றும் வெரைட்டி ஹால் சாலை என்றே பெயர்.